தடுப்புக்காவலில் தொற்றுநோய்த் தடுப்பு (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேற்றச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டு, தங்க அனுமதி கிடைக்குமோ, சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவோமோ என்று தீர்ப்பை எதிர்நோக்கிக் காவலில் இருப்போரிடையே, காசநோய், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை முதலிய வியாதிகள் பரவாமல் காக்கும் அரசாங்க ஏற்பாடு இது. இவர்கள் குற்றத்துக்குத் தண்டனை அனுபவிப்பவர்கள் அல்லர். சட்டத்தின் கண்ணில் இது சிவில் காவலே. ஆயினும், வரிசைக் கட்டில்கள் போட்ட பொதுக் கூடத்தில் உறங்குகிறவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருமுகிறவனை விட்டு விலகிப் போக வழியில்லை. விலகும் சுதந்திரத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபடியால், அவனைக் காக்கும் கடமையும் அரசாங்கத்தையே சேர்கிறது.

2003-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஏற்பட்டபோது அதன் உறுப்பாகத் தோன்றிய குடியேற்ற, சுங்க அமலாக்கப் பிரிவு, இக்காவலை நடத்துகிறது. அதன் மருத்துவ அங்கமான சுகாதாரப் பணிக் குழுவில், 1889-இல் நிறுவப்பட்ட பொதுச் சுகாதார சேவைப் படையின் சீருடை அதிகாரிகளும், சிவில் ஊழியர்களும், ஒப்பந்த மருத்துவர்களும் தாதியரும் சேர்ந்து பணியாற்றுகின்றனர். சில நிலையங்களில் இக்குழுவே நேரடியாகச் சிகிச்சை அளிக்கிறது. கவுண்டிச் சிறைகளிலும் தனியார் கம்பெனிகள் நடத்தும் நிலையங்களிலும் பிறர் செய்யும் வைத்தியத்தைக் கண்காணிப்பதே இதன் வேலை.

நிலையத்துக்குள் வந்த 12 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரையும் விசாரித்து ஆரம்பப் பரிசோதனை செய்ய வேண்டும், 14 நாட்களுக்குள் முழுப் பரிசோதனை முடிய வேண்டும் என்பது விதி. நெடுந்தூரம் பிரயாணம் செய்து நள்ளிரவில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனிடம், அவனுக்குப் புரியும் பாஷையில், இருமல் எத்தனை வாரமாக இருக்கிறது, உடம்பு மெலிந்ததா, இரவில் வியர்க்கிறதா என்று பொறுமையாகக் கேட்கும் தாதியின் கையில்தான் இத்திட்டத்தின் பெரும்பகுதி இருக்கிறது. மார்பு எக்ஸ்ரேயில் ஐயம் தோன்றினால், அறைக் காற்று வெளிக்கூடத்துக்குக் கசியாதபடி அமைந்த தனியறையில் நோயாளியை வைத்துச் சளியைச் சோதிக்கின்றனர். காசநோய் உறுதியானால், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்துகளுமாக, சாதாரண வகைக்கே ஆறு மாதச் சிகிச்சை. மாத்திரையைக் கொடுத்து, விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே தாதி ஏட்டில் குறிக்கிறாள்.

ஆனால் காவலில் இருப்பவன் ஆறு மாதம் ஓரிடத்தில் இருப்பது அரிது. இடமாற்றமே இத்துறையின் தீராத துன்பம். 2018 செப்டம்பர் முதல் 2019 ஆகஸ்ட் வரை 19 மாநிலங்களிலுள்ள 57 நிலையங்களில், காவலில் இருந்தவர்களில் 898 பேருக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டது. ஊழியர் 33 பேருக்கும் தொற்றியது. தொற்று உடம்பில் புகுந்து தாடை வீங்குவதற்கு 12 முதல் 25 நாள் வரை பிடிக்குமாதலால், பஸ் ஏறும்போது ஆரோக்கியமாகத் தோன்றியவன் வேறொரு மாநிலத்தில் இறங்கிய பிறகு நோயாளியாவான். அத்தகைய சமயத்தில் வீக்கம் கண்டவரை ஐந்து நாள் தனிமைப்படுத்துவதும், அவரோடு ஒரே கூடத்தில் இருந்தவர்களைப் பிறரோடு கலவாமல் 25 நாள் வைத்திருப்பதும், தடுப்பூசி போடுவதும், மாநிலச் சுகாதாரத் துறைக்கு அறிவிப்பதும் நிலையத்தின் மருத்துவ மேற்பார்வை அதிகாரியின் பொறுப்பு. அந்த 25 நாளும் எவரையும் வண்டியேற்றக் கூடாது என்று அவர் சொல்ல, படுக்கை காலியாக வேண்டும் என்று காவல் நிர்வாகம் கேட்கும். மருத்துவத் தீர்மானத்தை மருத்துவர் அல்லாதார் மாற்றலாகாது என்பது 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மண்டேலா விதிகளில் ஒன்று. இவ்விதி ஏட்டோடு நின்றுபோகும் நிலையத்தில், திட்டம் எவ்வளவு சிறப்பாக எழுதப்பட்டிருந்தாலும் நோய் தடைபடாது.

சிகிச்சை பாதியில் இருக்க நாடு கடத்தப்படும் காசநோயாளிக்காக, 1997-இல் சான் டியாகோ கவுண்டியில் தொடங்கப்பெற்று, பின்னர் மத்திய அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையங்களின் பொறுப்புக்கு வந்த கியூர்டிபி என்ற ஏற்பாடு உள்ளது. மேற்பார்வை அதிகாரி நோயாளியின் எக்ஸ்ரே முடிவையும், இதுவரை உண்ட மருந்தின் கணக்கையும், அவர் போய்ச் சேரும் ஊரின் முகவரியையும் முன்கூட்டியே கியூர்டிபிக்கு அனுப்ப, அவ்வூர்ச் சுகாதார நிலையத்தார் அவரை ஏற்று மருந்தைத் தொடர்கின்றனர். சிகிச்சை முடிந்ததா, நடுவில் நின்றதா என்ற செய்தி அங்கிருந்து அனுப்பியவர்களுக்குத் திரும்பி வருகிறது.