ஊறும் செறிவும்: இரு கலைச்சொற்களின் வரலாறு

நரம்பணு எதனை அறிகிறது என்று வினவினால், வலியையும் தாகத்தையும் அறிகிறது என எளிதாக விடை கூறிவிடுகிறோம். கலைச்சொற்களின் வரலாறு அவ்விடையை ஏற்பதில்லை.

உடலியல் அறிஞர் சார்லஸ் செரிங்டன், 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உடலுக்குக் கேடு பயக்கும் தூண்டல்களை அறியும் நரம்பு முனைகளுக்குப் புதுப்பெயர் சூட்டினார். வலியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை அவர் எடுத்தாளவில்லை. 'தீங்கு செய்' எனப் பொருள்படும் வினையடியையே தேர்ந்தார். முதுகுத்தண்டு மூளையினின்று துண்டிக்கப்பட்ட விலங்கும், பாதத்தில் ஊசி குத்தினால் காலை இழுத்துக்கொள்கிறது. அங்கே தீங்கு அறியப்படுகிறது. வலி பிறப்பதாகக் கொள்ள இடமில்லை. வலி மூளையில் எழும் அனுபவம்.

கேம்பிரிட்ஜ் அறிஞர் எர்னஸ்ட் வெர்னியும் இவ்வழியே சென்றார். நாயின் கழுத்துத் தமனியில் செறிந்த உப்புக் கரைசலைச் செலுத்தியபோது சிறுநீர் குறைந்தது. குருதியின் செறிவை அளக்கும் உணரிகள் மூளைப் பகுதியில் இருத்தல் வேண்டும் என உய்த்துணர்ந்த அவர், 1947இல் வெளியான தம் சொற்பொழிவில், சவ்வூடு பரவலை அடியாகக் கொண்டு அவற்றைப் பெயரிட்டு விளக்கினார். தாகம் அப்பெயரில் இடம்பெறவில்லை. குருதி செறிவுறும்போது ஹைப்போதலாமஸ் பகுதியின் சில அணுக்கள் நீரிழந்து சுருங்குகின்றன. சவ்விலுள்ள வாயில்கள் திறக்கின்றன. சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் சுரக்கிறது என்பது பிற்கால ஆய்வுகளின் முடிபு.

1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர், மிளகாயின் கேப்சைசினுக்குத் திறக்கும் புரத வாயிலைக் கண்டறிந்தனர். ஏறத்தாழ 43 பாகை செல்சியசு வெப்பத்திற்கும் அதே வாயில் திறக்கிறது. மிளகாயைக் கடித்தவர் 'எரிகிறது' என்பது வெறும் உருவகமன்று! இக்கண்டுபிடிப்புக்காக ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வாயிலின் ஒரு திரிபு, குருதியின் செறிவை அறிவதிலும் பங்குகொள்வதாக எலிகளில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. அதனை 'வலிவாயில்' என்று பெயரிட்டிருந்தால், இவ்வுறவை எதிர்பார்க்கவும் தோன்றியிராது.

ஆகவே, 'வலியுணரி' என்னும் ஆக்கம் செரிங்டன் பிரித்துவைத்ததை மீண்டும் கலந்துவிடுகிறது. தமிழில் 'ஊறு' என்னும் சொல் தொடுவுணர்வையும் தீங்கையும் ஒருங்கே குறிக்கும். 'ஊறுணரி', 'செறிவுணரி' எனக் கொள்வோமாயின், பெயரே பாடமாகும். வகுப்பில் இச்சொற்களை அறிமுகப்படுத்தும் ஆசிரியர்கள், அறிவது எது, அனுபவிப்பது எது என்னும் வினாவையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும்.