அமெரிக்கப் பச்சை அட்டையும் உடன்பிறந்தார் சட்டமும்

மலேசியாவில் அடையாள அட்டையின் நிறமே ஒருவரின் தகுதியைச் சொல்லிவிடும். நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால் நிரந்தரவாசி. அமெரிக்காவில் நிரந்தரவாசிக்குப் பச்சை அட்டை. வேடிக்கை என்னவென்றால், 1964 தொடங்கி 2010 வரை அந்த அட்டை பச்சையாகவே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அட்டையைவிட வியப்புக்குரியது அதனைப் பெறும் வழி. கடந்த பல பத்தாண்டுகளாக அதனைப் பெற்றோருள் பெரும்பான்மையினர் கல்வியாலோ தொழிலாலோ அன்று, உறவின் பெயரால் பெற்றவர்கள். இவ்வழி எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சற்றுக் காண்போம்.

1924-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுக்கு நாடு பங்கு வகுத்தது. 1929 முதல் பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 65,721 இடங்கள்; இத்தாலிக்கு 5,802. ஆசியர்க்குக் கதவு ஏறத்தாழ முழுமையாகவே அடைக்கப்பட்டிருந்தது. 1946-இல் மனமிரங்கி இந்தியாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் ஆளுக்கு 100 இடங்கள் ஒதுக்கினர். நூறு! நம் நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளே சில வேளை அதைவிட மிகுதி.

இப்பங்கீட்டை 1924-இலேயே எதிர்த்தவர் நியூயார்க்கின் இமானுவேல் செல்லர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1965-இல், அவர் பெயரும் பிலிப் ஹார்ட் பெயரும் தாங்கிய சட்டம் அதனை ஒழித்தது. அரசு தீட்டிய முதல் வரைவு திறனுடையோர்க்கே முதலிடம் தந்தது. குடியேற்றத் துணைக்குழுவின் தலைவராக இருந்த ஒஹாயோவின் மைக்கேல் ஃபீகன் அதனைத் தலைகீழாக்கினார். முன்னுரிமை இடங்களில் 74 விழுக்காடு உறவினர்க்குச் சென்றது. குடிமக்களின் உடன்பிறந்தார்க்கு மட்டும் 24. அறிஞர்க்கும் தொழில் வல்லுநர்க்கும் 10 விழுக்காடே. இதனைச் சிலர் உடன்பிறந்தார் சட்டம் என்றே அழைத்தனர்.

இது குடும்பப் பாசத்தால் மட்டும் விளைந்ததன்று. நாட்டில் வாழ்வோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். அவர்கள் அழைக்கும் உறவினரும் ஐரோப்பியராகத்தானே இருப்பர் என்பது கணக்கு. அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடிவாரத்தில் கையெழுத்திட்ட அதிபர் லிண்டன் ஜான்சனும் இது புரட்சிகரமான சட்டமன்று என்றே கூறினார்.

கணக்குப் பொய்த்தது. வளம் பெற்றுவந்த மேற்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேற முன்போல் ஆளில்லை. ஆசியாவிலிருந்து மருத்துவர்களும் தாதியரும் பொறியியலாளர்களும் அந்தச் சிறிய 10 விழுக்காட்டு வாசல் வழியே நுழைந்தனர். ஐந்தாண்டுகள் கழித்துக் குடியுரிமை பெற்றனர். பெற்றோரை அழைத்தனர், அதற்கு எண்ணிக்கை வரம்பே இல்லை. பின்னர் அண்ணனை அழைத்தனர். அண்ணனோடு அண்ணியும் வந்தார். அண்ணி குடிமகளானதும் தம் தங்கைக்கு விண்ணப்பித்தார். ஐரோப்பியர்க்கென்று போட்ட ஏணியில் ஆசியர் ஏறியதை வரலாற்றின் குறும்பு என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் சட்டம் காணும் குடும்பம் நாம் காணும் குடும்பமன்று. குடிமகன் ஒருவர் துணைவரையும், 21 வயது நிரம்பாத மணமாகாத பிள்ளையையும், பெற்றோரையும் வரிசையின்றி அழைக்கலாம். வயது வந்த பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் வரிசையில் நிற்க வேண்டும். வெறும் நிரந்தரவாசியோ துணைவரையும் மணமாகாத பிள்ளைகளையும் மட்டுமே அழைக்க இயலும். பாட்டி, சித்தப்பா, அத்தை என்ற சொற்களுக்கு அங்கு இடமே இல்லை.

வரிசையின் நீளந்தான் கொடுமை. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் உடன்பிறந்தார் பிரிவுக்கு ஆண்டுக்கு 65,000 இடங்களை வகுத்தது. பொதுவாக எந்த நாடும் மொத்தத்தில் 7 விழுக்காட்டை மீறலாகாது. விண்ணப்பம் பதிவான நாளே ஒருவரின் வரிசை எண். யாருடைய நாள் வந்துள்ளது என்பதை வெளியுறவுத் துறை மாதந்தோறும் பட்டியலாக வெளியிடுகிறது. இந்தியாவிலுள்ள உடன்பிறந்தார்க்குக் காத்திருப்பு 15 ஆண்டுகளைத் தாண்டியுள்ளது. மெக்சிகோவுக்கு 20-ஐத் தாண்டியுள்ளது; பிலிப்பைன்சுக்கும் ஏறத்தாழ 20. தம்பி பெயரில் விண்ணப்பம் இடும்போது முதலாம் ஆண்டில் பயின்ற அவர் மகன், முறை வரும்போது பட்டதாரியாகியிருப்பான். 21 நிரம்பியதால் பெற்றோரோடு செல்லும் உரிமையை இழந்தும் இருப்பான். 2002-இல் இயற்றிய சட்டம், விண்ணப்பத்தை அதிகாரிகள் ஆராய்ந்த காலத்தை மட்டும் வயதிலிருந்து கழித்தது. வரிசையில் நின்ற காலத்தைக் கழிக்கவில்லை. இத்தகைய பிள்ளைகளின் வழக்கில் 2014-இல் உச்சநீதிமன்றமும் கைவிரித்தது. நிரந்தரவாசியின் மகளோ மகனோ காத்திருக்கையில் மணம் புரிந்தால் விண்ணப்பமே செல்லாது.

இவர்களுள் என்னை மிகவும் வருத்துவோர் பிலிப்பைன்சின் முதிய படைவீரர்கள். 1941-இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவர்களை அமெரிக்கக் கொடியின்கீழ்ப் போருக்கு அழைத்தார். போர் முடிந்ததும், 1946-இல், அவர்களுக்குரிய படைவீரர் சலுகைகளுள் பெரும்பாலானவற்றை அமெரிக்க நாடாளுமன்றம் பறித்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமைக்கு வழிவிட்டது. எழுபதை எட்டிய வயதில் பலர் அமெரிக்கா சென்று, குடிமக்களாகி, பிள்ளைகளுக்கு விண்ணப்பித்தனர். அப்பிள்ளைகளோ நடுவயதினர், உலகின் மிக நீண்ட வரிசைகளுள் ஒன்றில் நின்றனர். அழைத்த தந்தை இறந்தால் விண்ணப்பமும் பொதுவாக அவரோடு மடியும். அவ்வாறு மடிந்தவை பல. 2016-இல்தான், காத்திருக்கும் பிள்ளைகள் தற்காலிக அனுமதியில் வந்து பெற்றோரைப் பேணலாம் என்ற ஏற்பாடு தொடங்கியது. பதினெட்டு வயதில் துப்பாக்கி ஏந்திய இளைஞர், உயிரோடிருந்தால், அப்போது தொண்ணூறைத் தாண்டியிருந்தார்.