வினய்குமாரும் ஆதிசக்தியின் ஓராள் அரங்கும்

கே. ஜே. வினய்குமார் புதுச்சேரியை ஒட்டி இயங்கும் ஆதிசக்தி நாடகக் குழுவின் நடிகரும் நாடக ஆசிரியரும் இயக்குநரும் ஆவார். கேரளத்தைச் சேர்ந்த இவர் 1990களில் இக்குழுவின் நடிகராக அறியப்பட்டார். ஒரே நடிகர் முழு நாடகத்தையும் தாங்கும் ஓராள் அரங்கில் பல ஆண்டுகள் உழைத்தவர். இவருடைய கலை வாழ்க்கையை இவரது ஆசிரியை வீணாபாணி சாவ்லாவிடமிருந்தும் ஆதிசக்தியின் கூட்டு வாழ்க்கையிலிருந்தும் பிரித்துப் பார்க்க முடியாது. மேடையில் ஒருவர் மட்டும் நிற்பதற்கு மேடைக்கு வெளியே எத்தனை பேரின் உழைப்பு வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

கூத்து வழங்கும் நிலம்

புதுச்சேரிப் பகுதி ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பு அன்று. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் ஆகிய கொம்யூன்களின் ஊர்களுக்கு நடுநடுவே தமிழ்நாட்டின் ஊர்கள் வருகின்றன. ஆதிசக்தியின் வளாகமும் ஆரோவிலுக்கு அருகில், விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் உள்ளது. மாநில எல்லை மாறினாலும் இந்த ஊர்களின் கலைப் பழக்கம் ஒன்றுதான்.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடப்பது இவ்வட்டாரத்தின் மரபு. முகவீணை, மத்தளம், தாளம், ஆர்மோனியம் ஆகியவற்றின் துணையுடன் விடிய விடியக் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசும் துரியோதனன் படுகளமும் ஊர் மக்கள் நன்கறிந்த கதைகள். பாகூர் மூலநாதர் கோயிலின் சோழர் காலச் சிற்பங்களிலும் நடனக் கோலங்களைக் காணலாம்.

நாடகத் தமிழின் தலைமையாசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் தம் இறுதிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து, 1922ஆம் ஆண்டு அங்கேயே மறைந்தார். அவர் நினைவிடம் கருவடிக்குப்பத்தில் உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியது. அதன் தொடக்க காலத் தலைவராக எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி விளங்கினார். ஆதிசக்தி வந்து சேர்ந்தது இத்தகைய மண்ணுக்கு.

வீணாபாணி சாவ்லாவின் தேடல்

வீணாபாணி சாவ்லா 1947ஆம் ஆண்டு பிறந்தவர். மும்பையில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். 1981ஆம் ஆண்டு அந்நகரில் ஆதிசக்தியைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஈடிபஸ், டிரோஜன் பெண்கள் போன்ற கிரேக்க நாடகங்களை இயக்கினார். வசனத்தை அழகாகச் சொல்வதே நடிப்பு என்ற நகர நாடகப் பழக்கம் அவருக்குப் போதவில்லை. நடிகரின் உடல், குரல், மூச்சு, மனம் ஆகிய நான்கும் ஒன்றாக இயங்கும் வழியைத் தேடினார்.

அத்தேடலில் மயூர்பஞ்ச் சௌ நடனமும் களரிப்பயிற்றும் பயின்றார். டென்மார்க்கில் யூஜெனியோ பார்பாவின் ஓடின் நாடகக் குழுவின் பயிற்சிகளை அறிந்தார். கேரளத்தின் கூடியாட்ட மேதை அம்மன்னூர் மாதவ சாக்கியாரிடம் மூச்சுப் பயிற்சி கற்றார். இவற்றுள் மூச்சே அவருடைய பயிற்சி முறையின் அடித்தளம் ஆயிற்று. சினம் வந்தால் மூச்சு ஒரு விதமாக ஓடும். அச்சத்தில் வேறு விதமாக ஓடும். அந்த ஓட்டத்தை நடிகர் அறிந்து இயக்கினால் உணர்ச்சியும் உடன் வரும் என்பது அம்முறையின் சாரம்.

ஸ்ரீ அரவிந்தரின் சிந்தனையில் ஈடுபாடு கொண்ட வீணாபாணி, 1993ஆம் ஆண்டு ஆதிசக்தியைப் புதுச்சேரிக்கு மாற்றினார். நகரத்தில் நடிகர்கள் அலுவலக வேலை முடிந்து மாலையில்தான் ஒத்திகைக்கு வர முடியும். அவர் விரும்பிய பயிற்சிக்கோ நாள் முழுவதும் தேவைப்பட்டது. ஆகவே நடிகர்கள் ஒரே வளாகத்தில் தங்கி, உண்டு, பயிலும் அமைப்பை உருவாக்கினார்.

பீமனும் பிருகன்னளையும்

வினய்குமாரின் ஓராள் நடிப்பு இந்தச் சூழலில் வளர்ந்தது. வீணாபாணி உருவாக்கிய 'இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் பீமா' 1990களின் நடுப்பகுதியைச் சேர்ந்த படைப்பு. அடுத்து 1998ஆம் ஆண்டு 'பிருகன்னளா' வந்தது. இரண்டிலும் நடிகர் வினய்குமார்.

பாண்டவர்களின் அஞ்ஞாதவாச ஆண்டில் அர்ச்சுனன் விராட நாட்டு அரண்மனையில் பிருகன்னளை என்னும் பெயரில், ஆணுமல்லாத பெண்ணுமல்லாத வடிவில் மறைந்திருந்தான். இளவரசி உத்தரைக்கு நடனம் கற்பித்தான். பின்னர் உத்தரகுமாரனுக்குத் தேரோட்டியாகப் போர்க்களம் சென்றான். இந்த நிலையையே நாடகம் எடுத்துக்கொண்டது. ஆண்மையும் பெண்மையும் ஒருவருக்குள்ளேயே இருக்கின்றனவா? மறைந்து வாழ்ந்தது அர்ச்சுனனுக்கு இழிவா, நிறைவா? அர்த்தநாரீசுவரர் கருத்தையும் காலம், வெளி பற்றிய நவீன இயற்பியல் சிந்தனைகளையும் இணைத்து நாடகம் இவற்றை ஆராய்ந்தது. ஓர் உடலுக்குள் இரு தன்மைகள் என்பதே கரு. ஆதலால் ஒரே நடிகர் நடிப்பது சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு அன்று. பொருளே அவ்வடிவத்தைக் கேட்டது.

ஓராள் நடிப்பின் இலக்கணம்

பள்ளிப் போட்டிகளில் நடக்கும் மோனோ ஆக்டிங் மாணவர்களுக்குப் பழக்கமானது. அதில் குரலையும் முகத்தையும் மாற்றிப் பல பாத்திரங்களைக் காட்டுவர். ஆதிசக்தியின் ஓராள் அரங்கு இதிலிருந்து வேறுபட்டது. அதன் வேர்களுள் ஒன்று கூடியாட்டம். 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருமரபாக அறிவித்த இந்தச் சமஸ்கிருத நாடக மரபில், 'நிர்வஹணம்' என்ற பகுதி உண்டு. அதில் ஒரு பாத்திரம் தன் முற்கதையைப் பல இரவுகள் தனியாகவே நடித்துக் காட்டும். அப்போது அதே நடிகர் வேறு பாத்திரங்களாகவும் மாறுவார். உடை மாறாது, நிற்கும் நிலை, பார்வை, மூச்சு ஆகியவையே மாறும். இதனைப் 'பகர்ந்நாட்டம்' என்பர்.

அங்கேயும் நடிகர் தனியாக இல்லை. அவருக்குப் பின்னால் மிழாவு முழங்கும். குடம் போன்ற செப்புப் பாத்திரத்தின் வாயில் தோல் கட்டிக் கையால் முழக்கும் இக்கருவி, நடிகரின் கண்ணசைவுக்கும் பதில் தரும். ஆதிசக்தி மிழாவைத் தன் நாடக மொழியின் முக்கிய உறுப்பாக ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டின் 'கணபதி' நாடகத்தில் கதையைத் தாளமே நடத்திச் சென்றது.

பத்தாவது தலை

'கணபதி'யும், 2007ஆம் ஆண்டு வந்த 'தி ஹேர் அண்ட் தி டார்டாய்ஸ்' என்னும் நாடகமும் குழுவாக நடித்தவை. முயல், ஆமைக் கதையோடு ஏகலைவன், அர்ச்சுனன், ஹாம்லெட் ஆகியோரையும் பின்னது இணைத்தது. வினய்குமார் குழு நாடகங்களில் பங்கேற்றபடியே ஓராள் அரங்கையும் தொடர்ந்தார். 'தி டென்த் ஹெட்' என்னும் படைப்பில் எழுத்தும் அவருடையதே. இராவணனின் பத்தாவது தலையை மையமாகக் கொண்ட அந்நாடகம், கூட்டத்துக்கும் தனிமனிதனுக்கும் உள்ள முரணைப் பேசுகிறது. மற்றவர் உருவாக்கிய பாத்திரங்களை ஏற்று நடித்தவர் தாமே சொல்ல வந்ததைச் சொல்லும் படைப்பாளியாக மாறியதை இந்நாடகத்தில் காணலாம்.

இதே பயிற்சி பிறருக்கும் பயன்பட்டது. கேரள கலாமண்டலத்தில் நடனம் பயின்ற நிம்மி ராஃபேல், 'நித்ராவத்வம்' என்ற ஓராள் நாடகத்தை உருவாக்கினார். பதினான்கு ஆண்டுகள் உறங்காத இலக்குவனும் உறக்கமே வாழ்வான கும்பகருணனும் அதில் ஒரே நடிகையின் உடலில் சந்திக்கின்றனர்.

2014க்குப் பின்

வீணாபாணி சாவ்லா 2011ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருதைப் பெற்றவர். 2014ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அவர் காலமானார். ஓர் ஆசிரியரை நம்பி வளரும் குழுக்கள் அவர் மறைந்ததும் கலைந்துபோவது நாடக உலகில் அடிக்கடி நடப்பது. உடலில் பதிந்த பயிற்சியை நூலில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. கற்றவர் அடுத்தவருக்குக் கற்பிக்க வேண்டும்.

ஆதிசக்தி கலையவில்லை. வினய்குமார் அதன் கலைப் பொறுப்பை ஏற்றார். மூச்சு, குரல், உடல், தாளம் குறித்த பயிற்சிப் பட்டறைகளுக்குப் பல மாநிலங்களிலிருந்தும் நடிகர்கள் வந்து தங்குகின்றனர். வீணாபாணியின் நினைவாக நாடக விழாக்களும் நடத்தப்படுகின்றன. நிம்மி ராஃபேலின் 'பாலி' போன்ற புதிய நாடகங்களும் பிறந்தன. அங்குள்ள அரங்கின் பெயர் 'கூத்துக்கோவில்'.

மதிப்பீடு

ஆதிசக்தியின் நாடகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. இதனால் இந்தியாவின் பல நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அவை செல்ல முடிந்தது. அருகிலுள்ள கிராமத்து மக்களுக்கோ மொழி ஒரு தடையே. பிருகன்னளையின் கதையை வில்லியனூர்ப் பக்கத்து மூதாட்டி நன்கறிவார். ஆனால் அந்நாடகத்தின் வசனம் அவருக்கு எட்டாது. சாதனையைப் பேசும்போது இந்த இடைவெளியையும் சேர்த்தே பேச வேண்டும்.

கூத்துக் கலைஞரும் மூச்சை அடக்கி ஆளுபவரே. இரவு முழுவதும் பாடி, ஆடி, விடியலில் படுகளத்தில் குரல் குன்றாமல் நிற்பவர் அவர். ஆய்வுக்கூடம் என்ற பெயர் இல்லாமலே அவரிடம் அந்த அறிவு இருக்கிறது. வினய்குமாரின் கலை வாழ்க்கையைப் படிக்கும் மாணவர்கள், தம் ஊர்த் திருவிழாவில் வேடம் கட்டும் கலைஞரிடமும் சென்று, எப்படிப் பயின்றீர்கள் என்று கேட்டு எழுதி வைக்கலாம். பாகூர், வில்லியனூர் ஊர்களின் நாடக வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கங்கள் அவர்களிடமே உள்ளன.