புரவலரிலிருந்து விடுதிக்கு: சோட்டா நாக்பூர் பீடபூமியில் இளையோர் ஹாக்கி

2023 ஜனவரி 13 அன்று ரூர்கேலாவின் பிர்சா முண்டா அரங்கில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் ஸ்பெயினை இந்தியா இரண்டுக்குப் பூஜ்யம் என வென்றது. முதல் கோலை அடித்தவர் அமித் ரோகிதாஸ். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில் உள்ள சௌனாமாரா என்ற சிற்றூர் அவருடைய சொந்த ஊர். அன்று ஹாக்கி இந்தியா அமைப்பின் தலைவராக இருந்த திலீப் திர்க்கியும் அதே ஊர்க்காரர்தான். சிறுவயதில் இருவரும் ஊரை விட்டுக் கிளம்பிச் சேர்ந்த இடமும் ஒன்றே: ரூர்கேலா பன்போஷ் விளையாட்டு விடுதி.

ஒரே சிற்றூரிலிருந்து ஒரு தலைமுறை இடைவெளியில் இருவர் இந்த உயரத்தை எட்டியதற்கு மண்ணின் மகிமை என்றும் பழங்குடி மக்களின் உடல்வலு என்றும் எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. உடல்வலு 1920களிலும் இருந்தது, 1950களிலும் இருந்தது. ஆனால் அப்போது தேசிய அணியில் இந்தப் பீடபூமியின் பெயர்கள் அரிதாகவே தென்பட்டன. இடையில் மாறியது எது? திறமையுள்ள ஒரு பிள்ளை மேலே வர ஒரு பெரிய மனிதரின் கண்ணில் பட்டாக வேண்டும் என்றிருந்த நிலை மாறி, ஆண்டுதோறும் ஆள் எடுக்கும் ஒரு ஏற்பாடு உருவானது. ஒடிசாவும் ஜார்க்கண்டும் சந்திக்கும் சுந்தர்கர், சிம்டேகா, குந்தி மாவட்டங்களை முன்வைத்து அந்த மாற்றத்தின் வரலாற்றை இக்கட்டுரை தொடர்கிறது.

ஹாக்கி இங்கே வந்தது மிஷன் பள்ளிகள் வழியாக. 1845இல் ஜெர்மானிய காஸ்னர் சபையார் ராஞ்சிக்கு வந்தனர். அவர்களைத் தொடர்ந்து ஆங்கிலிக்க சபையும், 1880களில் கத்தோலிக்க இயேசு சபையும் வந்தன. முண்டா, ஒராவுன், காரியா சமூகங்களின் பிள்ளைகள் இந்தப் பள்ளிகளில் எழுத்தோடு ஹாக்கியையும் கற்றார்கள். கட்டைக் கிளையை வளைத்துக் கோல் செய்துகொள்ளலாம், மூங்கில் வேர்க்கட்டையைச் செதுக்கிப் பந்தாக்கலாம். செலவில்லாத ஆட்டம் என்பதால் பள்ளி மைதானத்தைத் தாண்டி அறுவடை முடிந்த வயல்களுக்குப் பரவ அதற்கு நெடுங்காலம் தேவைப்படவில்லை.

இந்தப் பள்ளிகளில் ஒன்றிலிருந்துதான் ஜெய்பால் சிங் வந்தார். 1903இல் இன்றைய குந்தி மாவட்டத்தில் ஒரு முண்டா குடும்பத்தில் பிறந்து, ராஞ்சி செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். அப்பள்ளியின் முதல்வராக இருந்த பாதிரியார் கேனன் காஸ்கிரேவ் பையனின் அறிவைக் கண்டு இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்தபோது பல்கலைக்கழக ஹாக்கி அணிக்கு ஆடிப் பெயர் பெற்றார். ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்த காலத்தில்தான் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வந்தது. விடுப்பு கிடைக்கவில்லை, கிடைக்காமலேயே போனார். அந்தப் போட்டித் தொடரில் இந்தியா 29 கோல் அடித்து ஒன்றுகூட வாங்காமல் தங்கம் வென்றது. ஆனால் இறுதி ஆட்டத்துக்கு முன்பே தலைவர் ஜெய்பால் சிங் அணியிலிருந்து விலகிவிட்டார். எரிக் பின்னிகர் தலைமையில் அணி களமிறங்கியது.

பிற்காலத்தில் ஆதிவாசி மகாசபையின் தலைவராகவும் அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும் அவர் ஆற்றிய பணி பெரிது. மக்கள் அவரை மராங் கோம்கே, அதாவது பெருந்தலைவர், என்று அழைத்தார்கள். நம் ஆய்வுக்கு முக்கியமானது வேறொன்று. அவரை உயர்த்தியது ஒரு பாதிரியாரின் தனிப்பட்ட அக்கறை. அந்தப் பாதிரியார் வேறு பள்ளியில் இருந்திருந்தால் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தலைவர் வேறொருவராக இருந்திருப்பார். ஜெய்பால் சிங் ஏறிய ஏணி அவர் ஏறியதோடு எடுக்கப்பட்டுவிட்டது. அவர் காட்டிய வழியில் அடுத்த பிள்ளை வர ஒரு நிறுவனம் இல்லை. காலனி ஆட்சியில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. விடுதலைக்குப் பிறகும் நீண்ட காலம் அது வரவில்லை என்பதுதான் வருத்தம்.

அந்த இடைவெளியில் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் ஊர் மக்களே. இந்தப் பகுதியில் கஸ்ஸிப் போட்டி என்று சொல்வார்கள். கஸ்ஸி என்பது காயடித்த ஆட்டுக்கிடா. வென்ற அணிக்கு அதுதான் பரிசு. கிடா கிடைத்தால் அன்றிரவு ஊருக்கே விருந்து. சில ஊர்களில் கோழி. நெல் அறுத்த தாள் குத்தும் நிலத்தில், வெறுங்காலோடு, பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று தெரியாத தரையில் ஆடி வளரும் பிள்ளைக்குக் கண்ணும் மணிக்கட்டும் வேகமாக இயங்கியே ஆக வேண்டும். பின்னாளில் இந்தியத் தடுப்பாட்டத்துக்கு இந்தப் பகுதி இத்தனை பேரைக் கொடுத்ததற்கு இந்தத் தரையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஊர்ப் போட்டிகளைத் திருவிழாக் கேளிக்கை என்று ஒதுக்கும் விளையாட்டு வரலாறு முதல் படியையே தவறவிடுகிறது.

இரண்டாவது படி வேலை. நிலத்தை மட்டும் நம்பிய குடும்பத்துக்கு ஹாக்கி மட்டை என்பது ராணுவம், ரயில்வே, போலீஸ், உருக்காலை ஆகியவற்றின் வாசலைத் திறக்கும் சாவி. சிம்டேகா பகுதியில் 1947இல் பிறந்த மைக்கேல் கிண்டோவின் வாழ்க்கை இதற்குச் சான்று. கடற்படையில் சேர்ந்து அதன் வழியாகத் தேசிய அணிக்கு வந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம், அதே ஆண்டில் அர்ஜுனா விருது, 1975 கோலாலம்பூரில் பாகிஸ்தானை வென்று உலகக் கோப்பை. பிறகு ரூர்கேலா உருக்காலையில் வேலை பார்த்து அந்நகரிலேயே வாழ்ந்து 2020 டிசம்பர் 31 அன்று மறைந்தார். அந்த உருக்காலைக்காக 1950களில் நிலம் இழந்தவர்களில் பெரும்பகுதி பழங்குடி மக்கள் என்பதை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. நிலத்தை எடுத்த நிறுவனமே ஹாக்கி ஆடத் தெரிந்த சிலருக்குச் சம்பளமும் தந்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கிண்டோ உலகக் கோப்பை வென்ற மறு ஆண்டே ஆட்டத்தின் தரை மாறியது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. 1980 மாஸ்கோவில் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியில் சிம்டேகாவின் சில்வானுஸ் துங்துங் இருந்தார். பல வலுவான நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. அந்த வெற்றி தரைச் சிக்கலைக் கொஞ்ச காலம் மறைத்தது, தீர்க்கவில்லை. செயற்கைத் தரையில் பந்து நேராகவும் வேகமாகவும் ஓடும். ஆட்டக்காரர் இடுப்பைத் தாழ்த்தி, மட்டையைத் தரையோடு படியவைத்து ஆட வேண்டும். ஆட்டத்துக்கு முன் தரையை நீரால் நனைக்க வேண்டும். போட பல கோடி ரூபாய், பராமரிக்க மேலும் செலவு. வயலில் கற்ற பிள்ளை பதினெட்டு வயதில் முதன்முறையாக அந்தத் தரையை மிதித்தால் பழகியதை எல்லாம் மறந்து மீண்டும் தொடங்க வேண்டும். பிள்ளையைச் சிறுவயதிலேயே தரை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது கட்டாயமானது இப்படித்தான்.

1985இல் ஒடிசா அரசு பன்போஷில் தொடங்கிய விடுதியின் முக்கியத்துவத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு சாதாரண அரசு விடுதி. தேர்வு முகாம் நடத்துவார்கள், தேறிய பிள்ளைக்குத் தங்குமிடம், சாப்பாடு, பள்ளிப் படிப்பு, காலையும் மாலையும் பயிற்சி. இந்த நான்கில் பயிற்சியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குச் சாப்பாடு பெரிதாகத் தெரிகிறது. வீட்டில் அரைவயிறு உண்ணும் பிள்ளையை எந்தப் பயிற்சியாளரும் ஒரு முழு ஆட்டத்துக்குத் தயார் செய்ய முடியாது. பள்ளிப் படிப்பும் அதே அளவு முக்கியம்: ஆட்டம் கைகொடுக்காவிட்டாலும் பிள்ளை வெறுங்கையோடு திரும்பாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் பெற்றோர் அனுப்புவார்கள். 1992இல் இந்திய உருக்கு ஆணையம் ரூர்கேலாவில் தன் ஹாக்கி அகாடமியைத் தொடங்கியபோது, விடுதியில் வளர்ந்த பையன்களுக்கு அடுத்த கட்டமும் அதே நகரில் கிடைத்தது.

பதினைந்து ஆண்டுகளுக்குள் விளைச்சல் தெரிந்தது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் தங்கம் வென்ற அணியில் திலீப் திர்க்கியும் லாசரஸ் பர்லாவும் இருந்தனர். திர்க்கி மூன்று ஒலிம்பிக்கில் ஆடினார், 2004 ஏதென்ஸில் அணிக்குத் தலைமை தாங்கினார், 412 சர்வதேச ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். 2004இல் அதே விடுதியில் சேர்ந்த ரோகிதாஸ் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் வெண்கல அணிகளில் ஆடினார்.

பெண்கள் ஹாக்கியின் கதை எல்லைக்கு அப்பால், ஜார்க்கண்டில், இன்னும் கடினமான பாதையில் நடந்தது. ராஞ்சியின் பரியாத்து பயிற்சி மையம் சிம்டேகாவிலிருந்தும் குந்தியிலிருந்தும் பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்தது. சும்ராய் டெட்டே, அசுந்தா லக்ரா ஆகியோர் அந்தத் தலைமுறை. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் தங்கத்தில் சும்ராய் டெட்டேக்குப் பங்குண்டு. 2016 ரியோவில் குந்தி மாவட்டம் ஹேசல் கிராமத்தின் நிக்கி பிரதான் ஆடினார். ஜார்க்கண்டிலிருந்து ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போன முதல் பெண் அவர். சிம்டேகாவின் பட்கிச்சாபர் கிராமத்து சலீமா டெட்டே 2018 இளையோர் ஒலிம்பிக்கில் ஐவர் ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கி வெள்ளி வென்றார்; 2024இல் தேசிய அணியின் தலைவரானார். 2021 டோக்கியோவில் இந்தியப் பெண்கள் ஆஸ்திரேலியாவை வென்று அரையிறுதிக்கு வந்தபோது சலீமாவின் வீட்டில் ஆட்டத்தைப் பார்க்க ஒழுங்கான தொலைக்காட்சி இல்லை; மாவட்ட நிர்வாகம்தான் அவசரமாக ஒன்றைப் பொருத்தியது. நாட்டுக்காக ஒலிம்பிக்கில் ஆடும் பெண்ணின் குடும்பத்தை அரசு எப்போது கண்டுகொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் தேவையில்லை.

தேசிய அளவில் நிர்வாகம் சீரழிந்ததும் இதே காலத்தில்தான். 2008 மார்ச்சில் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, வரலாற்றில் முதன்முறையாக இந்திய ஆண்கள் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறத் தவறினர். பழைய கூட்டமைப்பு கலைந்து 2009இல் ஹாக்கி இந்தியா உருவானது. அந்த ஆண்டுகளிலும் பன்போஷ் விடுதியில் பிள்ளைகள் சேர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். டெல்லியில் தலைமை தடுமாறியபோது கீழே இருந்த ஏற்பாடு ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்தது.

2018 பிப்ரவரியில் ஒடிசா அரசு ஆண், பெண், இளையோர் தேசிய அணிகள் அனைத்துக்கும் ஐந்தாண்டு புரவலராக முன்வந்தது. ஒரு மாநில அரசு ஒரு தேசிய அணியின் சட்டையில் தன் பெயரைப் பொறித்தது இந்தியாவில் புதியது. அப்போதைய முதல்வர் நவீன் பட்நாயக் டூன் பள்ளியில் கோல்கீப்பராக ஆடியவர் என்பதால் ஆட்டத்தின் மேல் அவருக்குப் பற்று உண்டு. ஆனால் பற்றைவிட அவர் முடிவுக்கு அடிப்படையாக இருந்தது முப்பதாண்டு விடுதி விளைச்சல் என்றே கருதுகிறேன். 2019இல் டாடா நிறுவனங்களோடு சேர்ந்து புவனேஸ்வரத்தில் உயர்திறன் மையம் திறக்கப்பட்டது. சுந்தர்கரின் 17 வட்டாரங்களிலும் செயற்கைத் தரை அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. என்னைக் கேட்டால் 20,000 பேர் அமரும் ரூர்கேலா அரங்கத்தைவிட இந்தத் திட்டத்தின் எடை அதிகம். பிள்ளையைத் தரையிடம் கொண்டுபோவதற்குப் பதிலாகத் தரையைப் பிள்ளையிடம் கொண்டுவரும் முயற்சி அது.

2022 செப்டம்பரில் திலீப் திர்க்கி ஹாக்கி இந்தியாவின் தலைவரானார். விடுதியில் வளர்ந்த ஒருவர் தேசிய அமைப்பின் நாற்காலியில் அமர்ந்தது ஆட்சியாளர் தயவால் அல்ல, ஆட்டக்காரராகச் சேர்த்த மதிப்பால். ஆனாலும் தலைவர் ஆட்டக்காரராக இருப்பது எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. 2024 ஜனவரியில் ராஞ்சியில், ஜெய்பால் சிங் பெயர் தாங்கிய அரங்கிலேயே, இந்தியப் பெண்கள் ஜப்பானிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்று பாரிஸ் வாய்ப்பை இழந்தார்கள். நிக்கியும் சலீமாவும் அந்த அணியில் இருந்தனர்.

விடுதியே ஆட்டக்காரர்களை மேலே கொண்டுவருகிறது என்பதைத் தமிழ்நாட்டில் கோவில்பட்டியும் வேறு வடிவில் காட்டுகிறது. ஊர்ப் போட்டிகளால் வளர்ந்த ஹாக்கி அங்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி வந்த பிறகுதான் மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் போன்றோரை இந்திய அணிக்கு அனுப்பியது. 2025 நவம்பர், டிசம்பரில் 24 அணிகள் ஆடிய இளையோர் உலகக் கோப்பையைச் சென்னையும் மதுரையும் நடத்தியதற்குப் பிறகு, இங்கே கேட்க வேண்டிய கேள்வி அடுத்த பெரிய போட்டி எப்போது என்பதைவிட, இரண்டாவது கோவில்பட்டி எங்கே என்பதாக இருக்க வேண்டும்.

2024 ஜூனில் ஒடிசாவில் ஆட்சி மாறியது. நவீன் பட்நாயக் விலகினார், வேறு கட்சி வந்தது. புரவலர் போனால் எல்லாம் போய்விடும் என்ற பழைய அச்சம் ஹாக்கி வட்டாரத்தில் எழுந்தது இயல்பே. புதிய அரசு ஆதரவை நிறுத்தவில்லை. 2036 வரை நீட்டிப்பதாக அறிவித்தது. ஒரு மனிதரின் விருப்பமாகத் தொடங்கியது அவர் போன பின்னும் நிற்கிறது என்றால் அது நிறுவனமாகிவிட்டது என்று பொருள். கஸ்ஸிப் போட்டிகளுக்கு மட்டும் அப்படி ஒரு நிறுவனம் இன்னும் இல்லை. அவை இன்றும் ஊர்க்காரர்கள் கையிலிருந்து போடும் காசில், அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையே கிடைக்கும் சில வாரங்களில்தான் நடக்கின்றன. விடுதிகளின் தேர்வு முகாமுக்கு வரும் பிள்ளைகளில் பலர் முதலில் மட்டை பிடித்தது அந்த வயல்களில்தான்.