சினைப்பைப் புற்றுநோய்: முன்கூட்டிக் கண்டறிதலும் உயிர்காப்பும்

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்றுக்குள் பரவிய பிறகே வெளிப்படுகிறது. ஆகவே, நோய்க்குறி ஏதுமற்ற பெண்களை ஆண்டுதோறும் சோதித்து நோயைத் தொடக்கத்திலேயே பிடிக்கும் ‘ஸ்கிரீனிங்’ வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுந்துவருகிறது. சராசரி ஆபத்துள்ள பெண்களிடம் இம்முயற்சி பலன் தரவில்லை; கவனம் தடுப்பின்பால் திரும்ப வேண்டும்; ஆனால் தடுப்பையும் அதே கடுமையுடன் அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவின் பி.எல்.சி.ஓ. ஆய்வு 55 முதல் 74 வயது வரையிலான 78,216 பெண்களைக் கொண்டது. ஒரு பாதியினருக்கு சி.ஏ. 125 என்ற புரதத்தின் அளவை அறியும் ரத்தப் பரிசோதனையும் பிறப்புறுப்பு வழி அல்ட்ராசவுண்டும் செய்யப்பட்டன. 2011இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்டோரில் 118 பேரும் மற்றோரில் 100 பேரும் இந்நோயால் இறந்தனர். இறப்பு குறையவில்லை. தீங்கோ கண்கூடு: நோயில்லாத 3,285 பேருக்கு நோய் இருக்கலாம் என்று சோதனை காட்டியது; அவர்களில் 1,080 பேர் அறுவைக்கு உள்ளாயினர்; 163 பேருக்குக் கடும் சிக்கல் நேர்ந்தது.

சி.ஏ. 125க்கு ஒரே வரம்பை எல்லாருக்கும் வைத்ததே பிழை என்று மறுப்பு எழுந்தது. பிரிட்டனின் யு.கே.சி.டி.ஓ.சி.எஸ். ஆய்வில் அதற்கு விடை கிடைக்கிறது. அது மாதவிடாய் நின்ற 2,02,638 பெண்களை ரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்டு, சோதனையின்மை என மூன்று பிரிவுகளாக்கி, முதல் பிரிவில் ஒவ்வொருவரின் சி.ஏ. 125 அளவும் காலப்போக்கில் மாறும் விதத்தைக் கணக்கிட்டது. சோதிக்கப்படாத பிரிவைவிட ரத்தப் பரிசோதனைப் பிரிவில் முதல் நிலை நோய் சுமார் 47 விழுக்காடு கூடுதலாகவும், நான்காம் நிலை நோய் சுமார் 25 விழுக்காடு குறைவாகவும் காணப்பட்டன. ஆனால் 2021இல் வெளியான நீண்டகால முடிவில், மூன்று பிரிவுகளிலும் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 0.6 விழுக்காடே.

இம்முரண் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நோயைச் சில மாதங்கள் முன்னதாகக் கண்டறிந்தால், கண்டறிந்த நாளிலிருந்து எண்ணும் வாழ்நாள் கூடித் தோன்றும். இறக்கும் நாள் தள்ளிப்போயிருக்க வேண்டியதில்லை. ஆகவே நோயின் நிலை மாற்றமன்று, இறப்புக் குறைவே ஸ்கிரீனிங்கின் உரைகல்.

நோய் தோன்றும் இடமும் சிக்கலை விளக்குகிறது. உயிரை அதிகம் பறிக்கும் ‘ஹை-கிரேடு சீரஸ்’ வகையில் பெரும்பகுதி கருக்குழாயின் விளிம்பில் தோன்றுவதாக இன்று கருதப்படுகிறது. இப்புரிதலின் அடிப்படையில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல், கருப்பை நீக்கத்தின்போதும், குழாயைக் கட்டும் கருத்தடைக்குப் பதிலாகவும், கருக்குழாய்களை முழுவதும் அகற்ற ஊக்குவிக்கின்றனர். சினைப்பைகள் உள்ளேயே இருப்பதால் திடீர் மாதவிடாய் நிறுத்தம் நேர்வதில்லை. 2022இல் வெளியான ஆய்வில், இவ்வாறு அறுவை பெற்ற 25,889 பெண்களிடம் சுமார் ஐந்து சீரஸ் புற்றுநோய்கள் எதிர்பார்க்கப்பட்டன, ஒன்றுகூடத் தோன்றவில்லை. இது நம்பிக்கையூட்டும் சான்றே, இறுதிச் சான்றன்று: அப்பெண்கள் இளம் வயதினர், கண்காணிப்புக் காலமும் குறுகியது, ஆய்வும் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்பட்டதன்று.

பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளோரின் நிலை வேறு. பி.ஆர்.சி.ஏ. 1 மாற்றம் கொண்டோரில் 80 வயதுக்குள் சுமார் 44 விழுக்காட்டினருக்கு இந்நோய் வரக்கூடும். மகப்பேறு முடிந்தபின் குழாய்களையும் சினைப்பைகளையும் அகற்றுவது இவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அதனால் நேரும் திடீர் மாதவிடாய் நிறுத்தத்துக்கு எலும்பும் இதயமும் தரும் விலையை அப்பெண் அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

எனவே பொதுநிதி செல்ல வேண்டியது நோயுற்றோரின் குடும்பங்களுக்கான மரபணுப் பரிசோதனைக்கும், பெண்ணின் முழு ஒப்புதலுடன் செய்யும் குழாய் நீக்கத்துக்கும், அதன் பயனை இறப்புக் கணக்கால் உறுதிசெய்யும் நீண்டகால ஆய்வுகளுக்குமே. அதே வேளையில், நீடித்த வயிற்று உப்புசத்துடனோ அடிவயிற்று வலியுடனோ வரும் பெண்ணுக்கு ஸ்கிரீனிங் தோல்வியைக் காட்டிப் பரிசோதனையை மறுக்கலாகாது. அவர் நோய்க்குறி உள்ளவர். அவருக்கு உடனடிப் பரிசோதனை உரிமை.