ஷட்டவுனில் பிறந்த படிப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு 'ஷட்டவுன்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. உலையோ ரோலிங் மில்லோ ரியாக்டரோ, அவ்வப்போது நிறுத்திப் பழுது பார்த்தே ஆகவேண்டும். நிறுத்திய நிமிடத்திலிருந்து நஷ்டக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன், கான்ட்ராக்ட் ஆட்கள் என்று எல்லோரும் ஒரே சமயத்தில் உள்ளே நிற்பார்கள். ஆனால் ஒருவர் முடித்துக் கொடுக்காமல் அடுத்தவர் கைவைக்க முடியாது. மீஞ்சூர், எண்ணூர், மணலி வரை இதே கதைதான்.

இப்படி ஷிப்ட் பார்த்துக்கொண்டே ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டில் எம்பிஏவோ பிஜி டிப்ளமாவோ படிப்பவர்கள் இந்தப் பக்கம் உண்டு. பாடப்புத்தகத்தில் சிபிஎம் (கிரிட்டிக்கல் பாத் மெத்தட்), பெர்ட் என்று வட்டமும் அம்புக்குறியுமாக ஒரு வலைப்படம் வரும். யாரோ பேராசிரியர் கரும்பலகை முன்னால் நின்று யோசித்தது என்றுதான் தோன்றும். அதில் சிபிஎம் பிறந்தது ஒரு ரசாயன நிறுவனத்தில்.

அதற்கு முன்பும் அட்டவணைகள் இருந்தன. போலந்துக்காரரான கரோல் அடமியெட்ஸ்கி 1896-லேயே ஒன்றை உருவாக்கினார். அமெரிக்காவின் ஹென்றி கான்ட் 1910-களில் பரப்பிய பட்டைப் படத்தைத்தான் இன்றும் எக்செல்லில் போட்டு மீட்டிங்கில் காட்டுகிறோம். எந்த வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது அதில் தெரியும். எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதுதான் பளிச்சென்று தெரியாது.

1956 வாக்கில் அமெரிக்காவின் டூபான்ட் ரசாயன நிறுவனத்துக்கு வேறொரு கவலை. யூனிவாக் என்ற பெரிய கணினி கையில் இருந்தது. அதைக் கொண்டு இன்னும் என்னென்ன செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குக் கருவி தேடுவது போய், கருவிக்கு வேலை தேடுவது நம் காலத்து வழக்கம் மட்டுமல்ல போலிருக்கிறது. டூபான்டின் மார்கன் வாக்கரும், கணினியை விற்ற ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லி என்ற கணித நிபுணரும் 1957-ல் கூட்டுச் சேர்ந்தார்கள். ஆலை கட்டும் பணியைச் சிறுசிறு வேலைகளாகப் பிரித்து, எதற்குப் பின் எது என்று கோத்து, கணினியிடம் கணக்குப் போடக் கொடுத்தார்கள். கட்டுமானத்தில் ஒத்திகை பார்த்த பிறகு, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆலை ஷட்டவுனில் இறக்கினார்கள்.

லூயிவில்லில் நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பர் தயாரானது. தயாரிப்பின் இடையில் உருவாகும் ஒரு பொருள் தானே வெடிக்கும் தன்மை கொண்டது. ஆகவே ஓடும்போது பக்கத்தில் போய் ஸ்பானர் பிடிக்க முடியாது. பராமரிப்பு அத்தனைக்கும் ஆலையை நிறுத்தியாக வேண்டும். அங்கே ஒரு ஷட்டவுனுக்குச் சராசரியாக 125 மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தது. புதுக் கணக்கில் அது 93 ஆனது.

ஆட்களை விரட்டி வேலை வாங்கி இது நடக்கவில்லை. நம்மூர் ரோலிங் மில் உலையை வைத்தே பார்க்கலாம். உலை ஆற 12 மணி, பழைய செங்கல்லை உடைத்து எடுக்க 10, புதிதாக லைனிங் கட்ட 24, அதை உலர்த்த 18 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது; மொத்தம் 64 மணி. பக்கத்தில் கியர்பாக்ஸ் வேலை 40 மணியில் முடிந்துவிடும். கியர்பாக்ஸ் கோஷ்டிக்கு இரவெல்லாம் ஓவர்டைம் கொடுத்து 30 மணியில் முடிக்க வைத்தாலும் மில் ஒரு நிமிடம்கூட முன்னதாக ஓடாது. அதே கோஷ்டி 24 மணி நேரம் தாமதித்தாலும் குடி முழுகாது. லைனிங் கட்டுகிறவர் இரண்டு மணி நேரம் தாமதித்தால் மொத்த ஷட்டவுனும் இரண்டு மணி தள்ளிப்போகும். அந்த நீளமான சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத். பணத்தையும் ஆளையும் அங்கே மட்டும் போடு என்பதுதான் கெல்லியும் வாக்கரும் சொன்னது. 1959 டிசம்பரில் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

பெர்ட்டுக்குக் கிடைத்த புகழ் வேறு ரகம். 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக அதை உருவாக்கியது. இதுவரை யாரும் செய்யாத வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் நல்லபடி நடந்தால், வழக்கம்போல் நடந்தால், எல்லாம் சொதப்பினால் என்று மூன்று மதிப்பீடு கேட்டு, நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி ஆறால் வகுத்தார்கள். போலாரிஸ் சீக்கிரம் முடிந்ததற்கு பெர்ட்தான் காரணம் என்று பெரிதாகப் பேசப்பட்டது. ஹார்வி சபோல்ஸ்கி என்ற ஆய்வாளர் 1972-ல் எழுதிய நூல் அந்தப் பேச்சை உடைத்தது. பெர்ட் வேலையை நடத்தியதைவிட, மேலிடத்துக் குறுக்கீட்டைத் தடுக்கும் கேடயமாக நின்றதுதான் அதிகம் என்றார். தலைமையகத்தின் வாயை அடைக்கவே சார்ட் தயாரித்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பிறகு நடந்தவை வேகமானவை. 1969-ல் அமெரிக்காவில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டுக்கென்றே பிஎம்ஐ அமைப்பு தோன்றியது. 1984-ல் பிஎம்பி சான்றிதழ்த் தேர்வு வந்தது. இந்தியாவில் 1980-களில் கட்டுமானத் துறையினரே சேர்ந்து நிக்மார் கல்வி நிறுவனத்தை உண்டாக்கினார்கள். சென்னையில் ஐஐடியிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் கட்டுமான மேலாண்மை முதுநிலைப் பாடமானது.

நீண்ட சங்கிலி எப்போதும் இரும்பிலும் சிமெண்டிலும் இருப்பதில்லை. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்துக்கு 2013-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2020 நவம்பரில்தான் திறப்பு விழா நடந்தது. 380 கோடி ரூபாய் செலவு, கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. இழுபறிக்குப் பெரிய காரணம் நிலம் எடுப்பு. கரை கட்ட இன்னும் நான்கு எந்திரத்தை இறக்கியிருந்தாலும், கைக்கு வராத நிலத்தில் அவற்றுக்கு வேலை இருந்திருக்காது. இந்த நிலச் சிக்கலைப் பாடப்புத்தகத்தில் பத்தோடு பதினொன்றாக 'இடர்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. நம் நாட்டில் அது முதல் அத்தியாயமாக இருக்க வேண்டியது.

இந்தப் படிப்பில் சேரப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிஎம்பி என்பது சான்றிதழ், பட்டமல்ல. தொலைநிலைக் கல்வி என்றால் அந்தப் பாடத்துக்கு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கடைசிப் பருவத்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குக் கடைகளில் விற்கும் ரெடிமேட் ஃபைலை வாங்காதீர்கள். உங்கள் ஆலையின் சென்ற ஷட்டவுன் லாக்புக்கை அனுமதி கேட்டு எடுத்து, எந்த வேலை எதற்காக எத்தனை மணி காத்திருந்தது என்று எழுதுங்கள்.