பாலர்க்குச் சொன்ன கட்டளை

இந்திய மண்ணில், இந்திய மொழி ஒன்றில் அச்சேறிய நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் மூத்தது தமிழ் நூலே என்பது தமிழர் யாவரும் பெருமிதத்தோடு கூறும் செய்தி. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்பதே அந்நூல். ஆனால் அது யாருக்காக அச்சிடப்பெற்றது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அது 16 பக்கமே கொண்ட பாட நூல். கிறித்தவ நெறியைப் புதிதாகக் கற்போர்க்கென அண்டிரிக் அடிகளார் ஆக்கித் தந்தது. இத்தகைய பாடங்களின் உயிர்நிலை பத்துக் கட்டளைகள். அவற்றுள் களவு செய்யாமை, பொய்ச்சான்று கூறாமை, பிறர் பொருளை விரும்பாமை ஆகியவை நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டன என்பதை ஈண்டுச் சிறிது காண்போம்.

அண்டிரிக் அடிகளாருக்கு முன்னோடி பிரான்சிஸ் சவேரியார். அவர் 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழறிந்தோர் துணைகொண்டு செபங்களையும் கட்டளைகளையும் தமிழாக்கி, ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளை மனப்பாடம் செய்வித்தார். கற்ற பிள்ளைகள் வீடு திரும்பித் தாய் தந்தையர்க்கும் அண்டை அயலார்க்கும் அவற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. ஆகவே, பரதவர் குடிசைகளில் பிள்ளைகளே பெற்றோருக்கு ஆசிரியராயினர்.

அதே கரையில் வேறொரு காட்சியும் இருந்தது. கட்டளைகளைக் கொண்டுவந்த அதே நாட்டாராகிய போர்ச்சுக்கீசிய அதிகாரிகள், எளியோர் பொருளைக் கூசாமல் பறித்து வந்தனர். சவேரியார் இதனைக் கண்டு நெஞ்சு நொந்தார். கொள்ளையிடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லை அவர்கள் எல்லாக் காலத்திலும் எல்லா வடிவிலும் வழங்கப் பழகியுள்ளனர் என்று 1545ஆம் ஆண்டில் தம் தோழருக்கு வருந்தி எழுதினார். சிறுவன் மனப்பாடம் செய்த கட்டளையை அவனை ஆள வந்தவர் மீறினர் என்றால், அந்தப் பாடம் யாருக்குரியது?

இவ்வினா தரங்கம்பாடியிலும் எழுந்தது. 1706ஆம் ஆண்டில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்றுப் பள்ளி நடத்தினார். மார்ட்டின் லூத்தர் 1529ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் அங்குத் தமிழில் கற்பிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் பின் 'இதன் பொருள் யாது?' எனும் வினா வரும். களவு செய்யாமைக்கு அந்நூல் தரும் விளக்கம் நோக்கத்தக்கது. பிறன் பொருளை எடாதிருத்தல் மட்டும் போதாது. போலிச் சரக்காலும் வஞ்சக வாணிகத்தாலும் அதனைக் கவராதிருத்தல் வேண்டும். அவன் பொருளும் பிழைப்பும் நிலைபெறத் துணை நிற்றலும் வேண்டும் என்பது அதன் கருத்து. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இதனை ஏழாம் கட்டளை என எண்ணுவர். ஆங்கிலிக்கன் மரபினர் எட்டாம் கட்டளை என்பர். எண் வேறாயினும் பொருள் ஒன்றே.

சீகன்பால்கு ஐயர் பாடத்தைச் சொல்லிவிட்டு வாளாவிருந்தாரல்லர். கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவள் பக்கம் நின்று வாதாடியதனால், 1708ஆம் ஆண்டு இறுதியில் டேனியத் தளபதியால் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டு ஏறத்தாழ நான்கு மாதம் கிடந்தார்.

மூன்றாவதாக ஒருவரை நினைவு கூர்தல் தகும். அவர் தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்சு ஐயர். ஐதர் அலியோடு போர் மூண்டு 1780க்குப் பின் தஞ்சைக் கோட்டையில் நெல் அருகிப் பஞ்சம் சூழ்ந்தது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுகளும் இருந்தன. ஆனால் முன்பு ஒழுங்காக விலை பெறாத குடிகள், அரசர் அழைத்தும் கும்பினியார் அழைத்தும் வரவில்லை. விலைக்குத் தாமே பிணை என்று சுவார்ட்சு ஐயர் சொல்லியனுப்பினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட எருதுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. உரியவர்க்கு உரிய விலையை அவர் தவறாது கொடுத்தார். ஒரு மனிதரின் வாய்ச்சொல் ஒரு நகரின் பசியைத் தீர்த்தது.

இவ்வரலாறுகள் உணர்த்துவது யாது? பிள்ளைகள் கட்டளையைக் காதால் கற்கின்றனர். அதன் பொருளைக் கண்ணால் கற்கின்றனர். பொய்யாமையும் கள்ளாமையும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்துப் போற்றிய அறங்களே. ஆதலின் இஃது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

பல மொழியினர் நடுவே காலனியில் வாழும் நம் பிள்ளைகள் வீட்டையே உற்று நோக்குகின்றனர். ஊருக்குப் புறப்படும்போது அரை டிக்கெட்டுக்காகத் தன் வயதைக் குறைத்துச் சொல்லும் தந்தையைக் காணும் சிறுவன், அன்று மாலை அவர் சொல்லும் நீதிக்கதையை நம்புவானா? கடைக்காரர் கணக்குத் தவறிக் கூடுதலாகக் கொடுத்த சில்லறையைத் திருப்பித் தர மாடியிறங்கிச் செல்லும் தாயைக் காணும் சிறுமிக்கு வேறு கதை வேண்டுமா? முத்துக்குளித்துறைப் பிள்ளைகள் பெற்றோருக்குக் கட்டளையைக் கற்பித்தனர். அதற்குப் பொருள் கற்பிக்கும் கடமை பெற்றோராகிய நம்முடையது.